கோழித் தூவியும் ட்ரௌட் மீனும்

மோர்தானா அணையில் மண்புழு மாட்டி ஜிலேபி பிடிக்கும் குடியாத்தம் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "ஊட்டிப் பக்கம் ட்ரௌட் பிடிக்கிறவர்கள் முள்ளில் இறகையும் நூலையும் கட்டிப் போடுகிறார்களாமே, அதைப் போய் மீன் எப்படிக் கடிக்கும்?"

ட்ரௌட்டுக்கு நம் வேலூர் வெயில் ஆகாது, குளிர்ந்த ஓடும் தண்ணீர் வேண்டும். நீலகிரி அவலாஞ்சியில் 1907இல் பொரிப்பகம் வைத்ததும் அதனால்தான். சாப்பாடு பெரும்பாலும் தண்ணீருக்கு அடியில். கல்லை ஒட்டி, ஓட்டம் தணிந்த இடத்தில் நின்றுகொண்டு, அடித்துவரும் பூச்சிக் குஞ்சுகளைக் கவ்வும். அந்தக் குஞ்சின் போலியாக முள்ளில் கட்டுவதுதான் நிம்ஃப். உடம்புக்கு மயில்தோகை இழை, மேலே செம்புக் கம்பிச் சுற்று, தலைக்கு டங்ஸ்டன் மணி. டங்ஸ்டன் பித்தளையைவிட இரு மடங்குக்கு மேல் அடர்த்தி. சட்டென்று அடிக்குப் போய்விடும். அப்புறம் இழுக்கக் கூடாது, ஓட்டத்தோடு விட்டுவிட வேண்டும்.

ஸ்ட்ரீமர் சின்ன மீன் வேஷம் போடுவது. அது அசைந்தே ஆக வேண்டும். எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இதுதான். கோழிக்கடையில் ஓர் இறகு கேட்டு வாங்குங்கள். மேல்பாதியைக் கலைத்துவிட்டு விரலால் நீவினால் மறுபடி சேர்ந்துகொள்ளும். இழைகளில் இருக்கும் நுண்ணிய கொக்கிகள் ஜிப் மாதிரி மாட்டிக்கொள்வதால் அப்படி. அடியில் இருக்கும் தூவியில் அந்தக் கொக்கிகள் இல்லை. தூவியை ஒரு டம்ளர் தண்ணீரில் முக்கி இழுத்து நிறுத்துங்கள். இழுத்தால் ஒடுங்கும், நிறுத்தினால் ஒவ்வோர் இழையும் தனியாக விரியும். வெளியே எடுத்தாலோ பரப்பு இழுவிசையில் ஒட்டி ஒற்றை நூலாகிவிடும். ஸ்ட்ரீமர் கட்ட மராபூ என்று கடைகளில் விற்பதும் இப்படிப்பட்ட வான்கோழித் தூவிதான்.

மழைக்குப் பின் தண்ணீர் கலங்கியிருந்தால் பெரிய கறுப்பு ஸ்ட்ரீமர் நல்லது. கண் மறைத்தாலும், மீனின் பக்கக்கோட்டு உறுப்பு அருகில் நீர் அசைவதை உணர்ந்துவிடும். போன வாரம் மீன் சிக்கிய ஃப்ளை (இப்படி இறகும் நூலும் கட்டிய முள்) ராசியானது என்று அதையே கட்டிக்கொண்டு அலைபவர்கள் உண்டு. ராசியெல்லாம் இல்லை சார், அன்றைய தண்ணீர் அப்படி.

ஸ்ட்ரீமருக்குக் கண் வைக்க வெளிநாட்டுக்காரர்கள் உயிரை விடுவது நம் காட்டுக்கோழிச் சேவலின் கழுத்திறகுக்கு. நுனியில் இழைகள் ஒன்றாகி மெழுகுப் பொட்டாக மின்னும். இங்கே வேட்டை குற்றம். அங்கே வளர்த்து எடுக்கிறார்கள். நீங்கள் நகப்பூச்சில் ஒரு சொட்டு வையுங்கள், போதும். மீன் வித்தியாசம் பார்ப்பதாக எனக்குத் தோன்றவில்லை.