டேக்கிள்: அமெரிக்கக் கால்பந்தின் கோடி அரணர்

அமெரிக்கக் கால்பந்தைப் பற்றித் தமிழில் எழுத உட்காருகிறவர்களை உடனே தடுக்கி விழவைக்கும் சொல் ‘டேக்கிள்’. அகராதியில் மடக்குதல், பிடித்து வீழ்த்துதல், சமாளித்தல் என்று இருக்கும். பந்தோடு ஓடுகிறவரைக் கட்டிப் பிடித்துத் தரையில் சாய்ப்பதுதான் டேக்கிள் என்ற வினை என்பதால் அந்தப் பொருள்கள் சரியே. சிக்கல் என்னவென்றால், அதே சொல் களத்தில் ஓர் ஆட்டக்காரர் நிற்கும் இடத்துக்கும் பெயர். பந்தை வைத்துக்கொண்டு முன்னேறும் அணியில், அதாவது தாக்கும் அணியில், ‘ஒஃபென்சிவ் டேக்கிள்’ என்று இருவர் உண்டு. தம் அணி பந்தைப் பறிகொடுக்கும் அபூர்வமான நொடிகளைத் தவிர, இவர்கள் யாரையும் பிடித்து வீழ்த்துவதில்லை. எதிராளியைக் கட்டிப் பிடித்தால் தவறு என்று நடுவரின் மஞ்சள் கொடி விழும், அணி 10 கஜம் பின்னே தள்ளப்படும். ‘பிடிப்பவர்’ என்றோ ‘மடக்குநர்’ என்றோ மொழிபெயர்த்தால், அவர் எதைச் செய்யக் கூடாதோ அதையே அவருக்குப் பெயராக வைத்ததாகிவிடும்.

இந்தச் சொல் கப்பல் துறையிலிருந்து வந்தது. இடைக்கால டச்சிலும் வட ஜெர்மானியப் பேச்சிலும் ‘டாக்கெல்’ என்றால் பாய்மரக் கப்பலின் கயிறு, கப்பி முதலிய தளவாடங்கள். 13ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் அது பொதுவாகக் கருவிகளைக் குறித்தது. தூண்டிற்காரர்களின் சாமான்களுக்கு இன்றும் அந்தப் பெயர்தான். பிறகு குதிரைக்குச் சேணம் பூட்டுவது என்ற பொருள் ஏறியது. அடங்காத குதிரையைப் பிடித்துப் பூட்டுகிற வேலையிலிருந்து ‘எதிர்த்துப் பிடி’ என்ற பொருள் 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் கிளைத்திருக்கலாம் என்று சொல்லாய்வாளர்கள் கருதுகிறார்கள். ரக்பி ஆட்டம் அதை எடுத்துக்கொண்டது, ரக்பியிலிருந்து பிறந்த அமெரிக்கக் கால்பந்தும் சுவீகரித்தது.

வினைச்சொல் ஆட்களின் பெயரானது எப்படி? 1880இல், அமெரிக்கக் கால்பந்தின் விதிகளை வகுத்தவர்களில் முக்கியமானவரான வால்டர் கேம்ப் கொண்டுவந்த விதிகளால் அணிக்கு 11 பேர் என்றானது. இரண்டு அணிகளும் ஒரு கோட்டின் இருபுறமும் எதிரெதிரே நின்று ஆட்டத்தைத் தொடங்கும் முறையும் வந்தது. தாக்கும் அணியின் அந்த வரிசையில் நடுவில் சென்டர், அவருக்கு இருபக்கமும் கார்டுகள், அவர்களுக்கு அடுத்து டேக்கிள்கள். அப்போதெல்லாம் அதே 11 பேர்தான் தாக்கவும் வேண்டும், தடுக்கவும் வேண்டும். தம் அணி தடுக்கவேண்டிய நேரத்தில் ஓடிவருகிறவரைப் பிடித்து வீழ்த்தும் பொறுப்பு இந்த இடத்தில் நின்றவருக்கும் இருந்தது, பெயரும் ஒட்டிக்கொண்டது. 1950இல் அமெரிக்காவின் தொழில்முறைக் கால்பந்துக் கூட்டமைப்பான என்.எஃப்.எல். எத்தனை ஆட்டக்காரரை வேண்டுமானாலும் மாற்றலாம் என்று நிரந்தரமாக அனுமதித்த பிறகு தாக்க ஓர் அணி, தடுக்க ஓர் அணி என்று பிரிந்தது. தாக்கும் பக்கத்து டேக்கிளிடமிருந்து பிடிக்கிற வேலை போய்விட்டது, பெயர் மட்டும் போகவில்லை.

இன்று அவர் வேலை என்ன என்பதை டேக்கிளாக ஆடிய ஜோ தாமஸின் ஆட்டவாழ்வை வைத்துச் சொல்லலாம். விஸ்கான்சின்காரர், அந்த மாநிலப் பல்கலைக்கழகத்துக்கே ஆடியவர். 2007இல் புதிய ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் நாளில் நியூயார்க் மேடைக்குப் போகாமல் அப்பாவோடு மிச்சிகன் ஏரியில் மீன் பிடித்துக்கொண்டிருந்தார். கிளீவ்லேண்ட் பிரவுன்ஸ் அணி அவரை மூன்றாவது ஆளாக எடுத்தது. முதல் பருவத்திலிருந்தே வரிசையின் இடப்பக்கக் கோடி அவருடையது. வலக்கைக்காரரான குவாட்டர்பேக் (வரிசைக்குப் பின்னே நின்று பந்தை வீசுகிறவர்) பந்தை வீசத் திரும்பும்போது அவர் கண்ணுக்குப் படாத பக்கம் அதுதான். எதிரணியின் வேகமான ஆட்கள் அங்கிருந்துதான் பாய்வார்கள். டேக்கிள் 140 கிலோ அளவிலான உடம்போடு, பின்னோக்கிச் சறுக்கிக்கொண்டே கைகளை எதிராளியின் மார்புக்குள் வைத்து அவரைச் சுற்றுவழியில் தள்ளிவிட வேண்டும். இரண்டு மூன்று நொடி தாங்கினால் போதும், பந்து போய்விடும்.

தாமஸ் இடையில் ஒருமுறைகூட வெளியே நிற்காமல், தம் அணி பந்தோடு ஆட்டத்தைத் தொடங்கிய 10,363 முறையும் களத்தில் நின்றார். பதிவுகளில் இருப்பவற்றில் மிக நீண்ட தொடர்ச்சி அது. 2017 அக்டோபர் 22 அன்று டென்னசி டைட்டன்ஸுடனான ஆட்டத்தில் இடக்கையின் மேற்புறப் பின்தசை கிழிந்தபோதுதான் அவர் முதன்முறையாக வெளியே நின்றார். 2018 மார்ச்சில் ஓய்வு, 2023இல் ஓஹியோ மாநிலம் கேன்டனில் உள்ள, சிறந்த ஆட்டக்காரர்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேமில் இடம். அவர் அணியோ 2016இல் ஒரே ஓர் ஆட்டத்தில் வென்றது, 2017இல் 16 ஆட்டங்களிலும் தோற்றது. அவர் காலத்தில் பிளேஆஃப் என்ற இறுதிக்கட்டச் சுற்றுக்கு ஒருமுறைகூடப் போகவில்லை. தோற்கும் அணியிலும் தொடர்ந்து 10 முறை, பருவத்தின் சிறந்த ஆட்டக்காரர்களுக்கான ப்ரோ போலுக்குத் தேர்வானார் என்பது எனக்குப் பெரிய விஷயம். ஓடியவருக்கு ஓடிய கஜம் கணக்கு, வீசியவருக்கு வீசிய கஜம் கணக்கு. டேக்கிளுக்குக் கணக்கில் ஏறுவது பெரும்பாலும் தவறுகள்தான்: எத்தனை கொடி விழுந்தது, எத்தனை முறை எதிராளியை நழுவவிட்டார்.

இனி தமிழுக்கு வருவோம். ‘லைன்மேன்’ என்று அப்படியே எழுதினால் நம்மூரில் மின்கம்பம் ஏறுகிறவர் வந்து நிற்பார். சென்டரை ‘நடுவர்’ என்றால் ஆட்டத்தை நடத்துகிறவராகிவிடுவார். ‘முன்னணி வீரர்’ என்பது சாதாரணக் கால்பந்தில் கோல் அடிக்க நிற்பவருக்குப் போய்விட்டது. பழந்தமிழில் ‘நொச்சி’ இருக்கிறது: முற்றுகையிடுவது உழிஞை, மதிலைக் காப்பது நொச்சி. பொருள் கச்சிதம்தான், ஆனால் இன்றைக்கு நொச்சி என்றால் ஆவி பிடிக்கிற இலைதான் பலருக்கும் நினைவில் வரும். விளக்கவுரை இல்லாமல் செலாவணியாகாத சொல்லை விளையாட்டுப் பக்கத்தில் வைக்க முடியாது.

என் தேர்வு ‘அரண்’. ஐந்து பேர் கொண்ட அந்த வரிசை ‘முன்னரண்’, அதில் நிற்பவர் ‘அரணர்’. சென்டர் நடு அரணர், கார்டு பக்க அரணர், டேக்கிள் கோடி அரணர். தெருக்கோடி என்று சொல்கிறோமே, அந்தக் கோடி. ஜோ தாமஸ் நின்ற இடம் இடக்கோடி அரணர். ‘டேக்கிள்’ என்ற வினைக்கு ‘மடக்கிப் பிடித்தல்’ அப்படியே இருக்கட்டும். இரண்டையும் ஒரே சொல்லில் கட்டவேண்டிய கட்டாயம் ஆங்கிலத்துக்கு வரலாற்றால் வந்தது, நமக்கு இல்லை.

குவாட்டர்பேக்கின் கண்ணுக்குப் படாத பக்கத்தை வைத்து ‘மறைபுறக் காவலர்’ போன்ற பெயர் அழகாக இருந்தாலும் நான் தவிர்ப்பதற்குக் காரணம் உண்டு. மயாமி டால்ஃபின்ஸுக்கு ஆடிய துவா டகோவைலோவா இடக்கையால் வீசுகிறவர். அவர் களத்தில் இருந்தால் மறைபுறம் வலப்பக்கத்துக்கு மாறிவிடும். கோடி மட்டும் எவர் வீசினாலும் கோடியாகவே இருக்கும்.