சேறு ஏன் காலை விடுவதில்லை

1917 அக்டோபர் 29 அன்று, பெல்ஜியத்தின் ஈப்பர் நகருக்குக் கிழக்கே 'ஷாட்டோ வுட்' என்ற இடத்தில் ஆஸ்திரேலியப் புகைப்படக்காரர் ஃபிராங்க் ஹர்லி ஒரு படம் எடுத்தார். காடு என்று பெயர்தான். மொட்டையாக நிற்கும் அடிமரங்கள், நீர் தேங்கிய குண்டுக்குழிகள், நடுவே மரப்பலகைப் பாதையில் நடந்துபோகும் சில வீரர்கள். முதல் உலகப் போரின் சேற்றைப் பற்றிப் பேச்சு வந்தால் இந்தப் படமும் கூடவே வந்துவிடும். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எழுகிற கேள்வி இது: அந்தப் பலகையிலிருந்து ஓரடி தள்ளிக் கால் வைத்தால் என்ன ஆகும்?

ஈப்பரின் அடிநிலம் களிமண். சுமார் 5.6 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கிய புவியியல் காலகட்டம் ஒன்றுக்கு 'ஈப்ரீசியன்' என்று இந்த ஊரின் பெயரையே வைத்திருக்கிறார்கள். களிமண் துகள் ஒரு மில்லிமீட்டரில் ஐந்நூறில் ஒரு பங்குக்கும் சிறியது. தட்டையான செதில் போன்றது. இப்படிப்பட்ட துகள்களுக்கு இடையில் நீர் ஒட்டிக்கொள்ளுமே தவிர, எளிதில் கீழே இறங்காது. அதனால்தான் அந்த ஊர் உழவர்கள் தலைமுறை தலைமுறையாக வடிகால் வெட்டி நிலத்தைக் காப்பாற்றி வந்தார்கள். 1917 ஜூலையில் பிரிட்டிஷ் தரப்பு வீசிய 40 லட்சத்துக்கும் மேற்பட்ட குண்டுகளில் அந்த வடிகால்கள் சிதைந்துபோயின. அடுத்த மாதம் 127 மில்லிமீட்டர் மழை. நம் ஊர் மழைக்கணக்கில் இது பெரிதல்ல. ஆனால் விழுந்த நீர் போக வழியில்லாமல் நின்றது.

மழையை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. கலைக்கப்படாத களிமண்ணில் துகள்கள் ஒன்றையொன்று தாங்கி நிற்கும். குண்டு அதைக் கிளறிப் போட்டதும் அந்தத் தாங்கல் போய்விடுகிறது. நீரின் அளவைப் பொறுத்து ஒரே மண் கட்டியாகவும், பிசையத்தக்கதாகவும், குழம்பாகவும் மாறும் எல்லைகளை ஸ்வீடன் நாட்டு வேதியியலாளர் ஆல்பர்ட் ஆட்டர்பெர்க் 1911-இல் வரையறுத்தார். இன்றும் கட்டடப் பொறியாளர்கள் அவற்றை அளக்கிறார்கள். ஈப்பரில் இதைக் கண்ணாலேயே பார்க்க முடிந்தது. செப்டம்பரில் வெயில் அடித்ததும் அதே நிலம் இறுகிப் புழுதி கிளப்பியது. அக்டோபர் மழையில் மறுபடியும் குழம்பானது.

சரி, கால் ஏன் சிக்குகிறது? மிதிக்கும்போது சேறு விலகி இடம் கொடுத்துவிடும். சிக்கல், தூக்கும்போதுதான். பாதம் மேலே வர வேண்டுமானால் அதன் கீழே உண்டாகும் வெற்றிடத்தை ஏதாவது நிரப்ப வேண்டும். காற்று உள்ளே வர வழியில்லை; நீரோ அந்த நுண்ணிய இடைவெளிகளில் ஊர்ந்துதான் வரும். நுனியை விரலால் அடைத்துக்கொண்டு ஊசிக்குழலின் தண்டை இழுத்துப் பாருங்கள், அதே கதைதான். பாதத்துக்கு அடியில் அழுத்தம் குறைகிறது. மேலிருந்து வளிமண்டலம் சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 1 கிலோ எடை என்ற கணக்கில் அமுக்குகிறது. பாதத்தின் பரப்பு 200 சதுர சென்டிமீட்டர் என்றால், முழு வெற்றிடம் உண்டானால் 200 கிலோ. நடைமுறையில் அவ்வளவு வராது, ஆனால் பூட்ஸை உள்ளேயே விட்டுவிட்டுக் கால் மட்டும் வெளியே வர அதில் பாதிகூடத் தேவையில்லை.

புதைமணலில் நிலைமை இன்னும் மோசம். ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தின் டேனியல் பான் குழுவினர் ஈரானிலிருந்து எடுத்துவந்த புதைமணலை ஆராய்ந்து 2005-இல் முடிவை வெளியிட்டார்கள். அசைத்தால் அது சட்டென்று நீர்த்துவிடும். பிறகு மணல் கீழே படிந்து காலைச் சுற்றி இறுகும். இறுகியபின் வினாடிக்கு ஒரு சென்டிமீட்டர் வேகத்தில் காலை இழுக்க, ஒரு காரைத் தூக்கும் அளவு விசை தேவை. அதே ஆய்வு ஆறுதலான ஒன்றையும் சொன்னது: படிந்த மணலின் அடர்த்தி மனித உடலைப்போல இரண்டு மடங்கு, ஆகவே ஆள் இடுப்பளவுக்கு மேல் இறங்க முடியாது.

அப்படியென்றால் ஈப்பரில் வீரர்களும் கோவேறு கழுதைகளும் குண்டுக்குழிகளில் மூழ்கி இறந்தது எப்படி? மிதக்கும் கணக்கு, சுமையில்லாமல் நிதானமாக இருக்கும் ஒருவருக்கானது. முதுகில் தளவாடம், உடலில் காயம், குளிர், பிடிப்பே இல்லாமல் வழுக்கும் குழிச் சரிவு. இவை சேர்ந்தால் ஆழம் குறைந்த குழியும் போதும்.

நீங்கள் சிக்கினால் இழுக்காதீர்கள். பின்னால் சாய்ந்து எடையைப் பரப்புங்கள். காலைச் சிறிது சிறிதாக ஆட்டி, பக்கவாட்டில் நீரும் காற்றும் இறங்க நேரம் கொடுங்கள்.

படத்தில் சேறு சேறாகத் தெரிவதற்கும் துகள்களுக்கு இடையிலுள்ள இந்த நீரே காரணம். காய்ந்த மண்ணில் ஒளி காற்றிலிருந்து துகளுக்குப் போகும்போது பலமாகத் திசை மாறி, விரைவில் மேலே திரும்பிவிடும். காற்றின் இடத்தை நீர் பிடித்துவிட்டால் இந்தத் திசைமாற்றம் குறைகிறது. ஒளி ஆழமாகப் போய் உறிஞ்சப்படுகிறது, மண் கறுக்கிறது. அந்தக் கருமையின் மேல் தேங்கிய நீர் வானத்தைப் பிரதிபலிக்கிறது. ஹர்லியின் படம் இந்த முரணில்தான் நிற்கிறது: குழிகளில் வெளுத்த வானம், சுற்றிலும் ஒளியை விழுங்கும் மண். பல நெகட்டிவ்களை ஒட்டிப் படம் செய்ததற்காக அவரோடு சண்டையிட்ட வரலாற்றாசிரியர் சார்லஸ் பீன், அவற்றைப் போலி என்றே சொன்னார். இந்தப் படத்துக்கு எந்த ஒட்டும் தேவைப்படவில்லை.

ஈரநிலத்தைப் படமெடுப்பவர்கள் முதலில் முடிவுசெய்ய வேண்டியது, அந்த மினுக்கம் வேண்டுமா வேண்டாமா என்பதைத்தான். நீர்ப்பரப்போடு சுமார் 37 டிகிரி கோணத்தில் பார்க்கும்போது பிரதிபலிக்கும் ஒளி ஒரே தளத்தில் அதிர்கிறது. போலரைசர் வடிகட்டியைத் திருப்பினால் அது மறைந்து மண்ணின் நிறம் மேலே வரும். ஆனால் மினுக்கம் போனால் ஈரமும் போன மாதிரி ஆகிவிடும். என் விருப்பம், வடிகட்டியைப் பைக்குள் வைத்துவிட்டு, தாழ்ந்த சூரியனை நோக்கி நின்று எடுப்பது. கேமராவைத் தாழ்த்தத் தாழ்த்தப் பிரதிபலிப்பு கூடும். நேர் மேலிருந்து பார்த்தால் நீர் இரண்டு சதவீத ஒளியைத்தான் திருப்பும்.

அப்புறம் முக்காலி. அதன் கூரான கால்களும் சேற்றில் மெல்ல இறங்கிக்கொண்டேதான் இருக்கும். நீண்ட எக்ஸ்போஷரில் படம் கலங்கிவிடும். ஒவ்வொரு காலுக்கும் அடியில் ஒரு பலகைத் துண்டு வைத்து, அழுத்திவிட்டுச் சிறிது நேரம் பொறுத்து எடுங்கள்.