நாய்க்கடிக்கு ஒரு ஊசி போதாது

காவேரிப்பட்டணம் பக்கம் மாந்தோப்புக் காவலுக்கு இருக்கும் பெரியவர் ஒருவருக்குக் கெண்டைக்காலில் நாய்க்கடி. முதல் ஊசி போட்டுக்கொண்டு போனவர், மூன்றாம் நாளும் வரவில்லை, ஏழாம் நாளும் வரவில்லை. ஆள் அனுப்பிக் கூப்பிட்டால், "அதான் ஒண்ணு போட்டாச்சே சார், நாயும் நல்லாத்தான் திரியுது" என்கிறார். இதே பதிலைக் கேட்டுக் கேட்டுச் சலித்துப்போய்த்தான் எழுதுகிறேன்.

ஊசி உள்ளே போனதும் விஷம் முறிந்துவிடும் என்று நினைக்கிறார்கள். அது விஷமுறிவு மருந்து இல்லை. அதில் இருப்பது கொல்லப்பட்ட ரேபீஸ் (வெறிநாய்க்கடி நோய்) வைரஸ். செத்த வைரஸ் என்பதால் ஊசியால் நோய் வராது, பயப்பட வேண்டாம். ஆனால் செத்த வைரஸ் உடம்புக்குள் பெருகவும் செய்யாது. தட்டம்மைத் தடுப்பூசியில் இருக்கும் வலுக்குறைந்த வைரஸ் உள்ளே பெருகி உடம்புக்குத் தன்னை நினைவூட்டிக்கொண்டிருக்கும். இதில் அந்த வேலையை அடுத்தடுத்த ஊசிகள்தான் செய்ய வேண்டும். வைரஸின் மேலுறைப் புரதத்தை அடையாளம் கண்டுகொள்ளும் பி செல்கள் (எதிர்ப்பொருளை உண்டாக்கும் ஒரு வகை வெள்ளையணுக்கள்) முதல் ஊசியில் விழித்துக்கொள்ளும். ஆனால் வைரஸைப் பிடித்து மடக்கும் எதிர்ப்பொருள் போதுமான அளவு இரத்தத்தில் சேர ஏழு முதல் பதினாலு நாள் ஆகும். ஒவ்வொரு ஊசிக்கும் அந்த செல்கள் இன்னும் பெருகும், எதிர்ப்பொருளின் பிடியும் இறுகும். பாதியில் நிறுத்தினால் இதெல்லாம் அரைகுறையாக நின்றுவிடும்.

வைரஸோ உங்களுக்காகக் காத்திருக்காது. கடிவாயிலிருந்து நரம்பு வழியாக மூளைக்கு ஏறப் பார்க்கும். அறிகுறி தெரிந்த பிறகு எங்களால் காப்பாற்ற முடிவதில்லை. தோல் கிழிந்து இரத்தம் வந்த காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் போடுகிறோமே, அது முதல் சில நாட்களைத் தாண்டுவதற்கான தயார் எதிர்ப்பொருள். அதைப் போட்டாலும் தடுப்பூசி வேண்டும்.

கடித்த உடனே ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் எதுவும் வேண்டாம். மந்திரிக்கப் போய் நேரத்தைக் கடத்தாதீர்கள். நாயைப் பத்து நாள் கவனிக்கலாம், ஆனால் ஊசியை அன்றைக்கே ஆரம்பித்துவிட வேண்டும். நிறுத்தலாமா என்பதை மருத்துவர் சொல்லட்டும்.

தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி என்று இன்னமும் பயப்படுகிறவர்கள் உண்டு. ஆட்டு மூளையில் செய்த அந்தப் பழைய மருந்து நின்று இருபது வருஷமாகிறது. இப்போது கையில், தோலுக்குள் சிறு ஊசி. கடித்து வந்த அன்று, அப்புறம் 3, 7, 28ஆம் நாள். அரசு மருத்துவமனையில் இலவசம். கறி, முட்டை எல்லாம் சாப்பிடலாம், பத்தியம் கிடையாது. கர்ப்பிணிகளும் போட்டுக்கொள்ளலாம்.

பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போகிறவர்களே, போங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஊசிச் சீட்டைப் பையில் எடுத்துக்கொண்டு போய், அங்கே இருக்கும் அரசு மருத்துவமனையில் காட்டி மீதியைப் போட்டுக்கொள்ளுங்கள். நாள் தவறிவிட்டது, திட்டுவார்கள் என்று வராமல் இருந்துவிடாதீர்கள். எத்தனை நாள் தள்ளிப்போயிருந்தாலும் வாங்க, விட்ட இடத்திலிருந்து போட்டுவிடுகிறோம்.