ஆய்வுக்குப் பிடித்தாலும் அது வேட்டையே: 12ஆம் பிரிவு தரும் விலக்கு

"நாங்கள் என்ன கொல்லவா போகிறோம்? பிடித்து, அளந்து, விட்டுவிடப் போகிறோம், அவ்வளவுதானே!" காட்டு ஆய்வுக்குக் கிளம்பும் மாணவர்கள் பலர் இப்படித்தான் நினைக்கிறார்கள். ஆனால் 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி, காட்டு விலங்கைப் பிடிப்பதும், பொறி வைப்பதும், பிடிக்க முயல்வதும்கூட வேட்டைதான். பறவையின் கூட்டையோ பாம்பின் முட்டையையோ கலைத்தாலும் அப்படியே.

12ஆம் பிரிவு இதற்கு விலக்கு தருகிறது. கல்வி, அறிவியல் ஆய்வு, விலங்குகளை வேறு வாழிடத்துக்கு மாற்றுவது, அருங்காட்சியகத்துக்கு மாதிரி சேகரிப்பது போன்ற காரணங்களுக்காக, கட்டணம் பெற்றுக்கொண்டு, மாநிலத் தலைமை வன உயிரினக் காப்பாளர் எழுத்துமூலம் அனுமதி தரலாம். சட்டத்தின் அட்டவணை 1இல் (மிக உயர்ந்த பாதுகாப்பு பெற்ற விலங்குகளின் பட்டியல்) உள்ள விலங்கு என்றால் மத்திய அரசின் முன் ஒப்புதலும், மற்றவற்றுக்கு மாநில அரசின் முன் ஒப்புதலும் வேண்டும். அனுமதியில் குறிப்பிட்ட விலங்குக்கு மட்டுமே அது செல்லும். வலையில் வேறொன்று சிக்கினால் அதை வைத்துக்கொள்ள முடியாது.

பழைய ஆய்வேட்டைப் பார்த்து விண்ணப்பம் எழுதாதீர்கள். அட்டவணைகளை மாற்றியமைத்த 2022ஆம் ஆண்டுத் திருத்தம் 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கிறது. இப்போது அட்டவணை 1, 2 விலங்குகளுக்கு, 3 தாவரங்களுக்கு. அட்டவணை 4, அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தை ஒழுங்குபடுத்தும் ஒப்பந்தமான சைட்டிஸில் உள்ள உயிரினங்களுக்கு.

உயிர்காக்கும் மருந்துக்குப் பாம்பு விஷம் எடுப்பதையும் இதே பிரிவுதான் அனுமதிக்கிறது. மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் 1978இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கிலிருந்தும் விஷம் எடுத்துவிட்டு, பாம்புகளைத் திரும்பக் காட்டில் விடுகிறது. தோலுக்காகப் பாம்பு பிடிப்பது சட்டத்தால் நின்றபோது, அதே கைத்திறன் உயிர்காக்கும் வேலைக்குத் திரும்பியது. இந்த விலக்கால் விளைந்த மிக நல்ல பயன் இதுதான் என்பேன்.

சரி, சாலையில் அடிபட்டுக் கிடக்கும் விலங்கை மாதிரிக்காக எடுக்கலாமா? எடுக்கக் கூடாது. 39ஆம் பிரிவுப்படி, இறந்து கிடக்கும் காட்டு விலங்கும் அரசின் சொத்து. கையில் வந்துவிட்டால் 48 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்திலோ அதற்கென அதிகாரம் பெற்ற அலுவலரிடமோ தெரிவிக்க வேண்டும்.

சரணாலயத்துக்குள் ஆய்வு செய்ய நுழைவதற்கு 28ஆம் பிரிவின்கீழ் தனி அனுமதி உண்டு. பட்டியலிட்ட தாவரங்களைச் சேகரிக்க 17பி பிரிவின்கீழ் இன்னொரு அனுமதி வேண்டும். ஒன்றை வாங்கிவிட்டால் மற்றதும் கிடைத்ததாக ஆகாது. ஆகவே களப்பணித் தேதியை முடிவு செய்யும் முன்பே விண்ணப்பித்துவிடுங்கள்.