சூளைக்குள் தொய்ந்த பீங்கான்

"காகிதத்தை மடித்துப் படமெடுத்துவிட்டு பீங்கான் என்கிறார்களா?" என்று, மடித்த காகிதம்போல நெளிந்து நிற்கும் ஒரு பீங்கான் சிற்பத்தின் படத்தைப் பார்த்து ஒரு வாசகர் சந்தேகப்பட்டிருக்கிறார். பீங்கானேதான். செய்தவர் பீங்கான் கலைஞர் நகாயே ஷிகெகாசு. 1953இல் ஜப்பானின் செட்டோ நகரில் பிறந்தவர். ஜப்பானியர்கள் பீங்கான், மண் பாத்திரங்களைப் பொதுவாகவே 'செட்டோமோனோ', அதாவது செட்டோ சரக்கு, என்று சொல்லும் அளவுக்குச் சூளைக்குப் பேர்போன ஊர் அது.

மண்கூழைப் பிளாஸ்டர் அச்சில் ஊற்றினால், அச்சு நீரை உறிஞ்சிக்கொள்ளும். சுவரை ஒட்டி மண் படியும். மீதியைக் கவிழ்த்துவிட்டால் மெல்லிய ஓடு. கோப்பையும் பொம்மையும் செய்யும் தொழிற்சாலை முறைதான். கலைக்கு ஆகாது என்று மட்டமாகப் பார்க்கப்பட்டதும்கூட. நகாயே அதையே கையில் எடுத்தார்.

சரி, அந்த நெளிவு? அதில் பெரும்பங்கு சூளைக்குள் வந்தது.

பீங்கான் மண்ணில் கயோலின் என்ற வெள்ளைக் களிமண், ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமம், குவார்ட்ஸ் என்ற படிகக்கல் மூன்றும் உண்டு. சுமார் 1150 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது ஃபெல்ட்ஸ்பார் உருகிக் கெட்டியான கண்ணாடிப் பாகாகிறது. கடலைமிட்டாயை நினைத்துக்கொள்ளுங்கள். சூடு ஆறுமுன் ஒரு முனையைப் பிடித்துத் தூக்கினால் மறுமுனை மெல்லத் தொங்கும். கடலைக்கு ஒன்றும் ஆகாது. இங்கே கடலையின் இடத்தில் குவார்ட்ஸ் துகள்கள். கயோலினிலிருந்து விளையும் முல்லைட் படிகங்களோ, ஊசி ஊசியாகக் குறுக்கும் நெடுக்கும் கிடந்து, பொருள் வழிந்தோடாமல் பிடித்துக்கொள்கின்றன. 1300 டிகிரியை நெருங்கும் பீங்கானைத் திடம் என்றும் சொல்ல முடியாது, திரவம் என்றும் சொல்ல முடியாது.

அப்புறம் புவியீர்ப்பின் முறை. எனக்கு மிகவும் பிடித்த கணக்கு இதுதான்: தாங்கலில்லாத நீளம் இரண்டு மடங்கானால், தன் எடையாலேயே தொய்யும் வேகம் 16 மடங்காகும். தடிமன் பாதியானால் 4 மடங்கு. கூடவே நீளத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் சுருக்கம் வேறு; ஒட்டவைத்த ஓடுகள் ஒன்றையொன்று இழுக்கும். மண்கூழ் அச்சில் நிற்க நிற்க ஓடு தடிக்கும். ஆக, அது எத்தனை நிமிடம் நிற்கிறது என்பதிலேயே வளைவில் பாதி முடிவாகிவிடுகிறது.

ஜப்பானில் குயவர்கள் பலர் தீ மூட்டுமுன் சூளைத் தெய்வத்துக்கு உப்பும் சாக்கே மதுவும் வைப்பார்கள். வைக்கட்டும், அழகான வழக்கம். ஆனால் அந்த 16ஐ எந்தப் படையலும் 15 ஆக்காது. தொழிற்சாலைக்காரர்கள் இந்தத் தொய்வுக்குப் பயந்து அடியில் தாங்கல் கொடுக்கிறார்கள். கோணலாக வந்த தட்டை உடைத்துப் போடுகிறார்கள். நகாயே தொய்யட்டும் என்று விட்டுவிட்டார். சூடு இறங்க இறங்கப் பாகு இறுகி, தொய்ந்த கோலத்திலேயே நின்றுவிடுகிறது. வாசகர் பார்த்த மடிப்பு அதுதான்.