"எல்லோருக்கும் தேவைப்படாது" என்றால் என்ன அர்த்தம்?

போன வாரம் ஒரு மருத்துவமனையின் விளக்கத்தாள் என்னிடம் சரிபார்க்க வந்தது. அச்சடித்து நோயாளிகளுக்குக் கொடுக்கத் தொடங்கிய பிறகு வந்தது என்பதுதான் கொடுமை. அதில் ஒரு வரி: "எல்லா நோயாளிகளுக்கும் இரண்டாவது ஊசி தேவைப்படாது."

அந்த வரியை நான்கு பேரிடம் காட்டி என்ன புரிகிறது என்று கேட்டேன். இரண்டு பேர் "யாருக்கும் இரண்டாவது ஊசி வேண்டாம்" என்றார்கள். ஒருவர் "சிலருக்கு மட்டும் வேண்டியிருக்கும் போல" என்றார். இன்னொருவர் இரண்டு முறை படித்துவிட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்தார். ஆங்கில மூலத்தில் குழப்பமே இல்லை. சிலருக்கு ஊசி வேண்டும், சிலருக்கு வேண்டாம், யாருக்கு என்பதை மருத்துவர் சொல்வார், அவ்வளவுதான். ஆங்கிலத்தில் 'நாட்' என்ற எதிர்மறைச் சொல், 'எல்லா' என்று பொருள்படும் 'ஆல்' என்பதற்கு முன்னால் நின்று அதை மட்டும் மறுக்கிறது. தமிழில் எதிர்மறை வினையோடு ஒட்டி வாக்கியத்தின் கடைசியில் வருகிறது. அது எதை மறுக்கிறது, 'எல்லா' என்பதையா, 'தேவை' என்பதையா? பேச்சில் 'எல்லாருக்கும்' என்பதை அழுத்திச் சொல்லிக் குரலாலேயே காட்டிவிடுவோம். அச்சிட்ட தாளுக்குக் குரல் கிடையாது.

இதை எழுதி அனுப்பியதற்கு வந்த பதில்தான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது: "தமிழில் சொற்களை எப்படி மாற்றிப் போட்டாலும் அர்த்தம் மாறாது அல்லவா? இலக்கணப் பிழை எதுவும் இல்லையே?"

பல ஆண்டுகளாக மொழிபெயர்ப்புகளைச் சரிபார்ப்பதுதான் என் வேலை. மருந்துத் தாள்கள், ஒப்புதல் படிவங்கள், இயந்திரக் கையேடுகள், ஒப்பந்தங்கள் எல்லாம் என் மேசைக்கு வரும். 'வரிசை மாறினாலும் அர்த்தம் மாறாது' என்ற இந்த ஒரு வாசகத்தை எத்தனை பேர் சொல்லக் கேட்டேன் என்று கணக்கு வைக்கவில்லை. மொழி தெரியாதவர்கள் சொன்னால் விளக்கிவிடலாம். தமிழை நன்றாகப் படித்தவர்களே சொல்கிறார்கள், அதுவும் பெருமையாக. ஆகவே இதை மட்டும் கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன்.

"தாதி குழந்தையைத் தூக்கினாள்." மூன்றே சொற்கள். ஆறு விதமாக வரிசை மாற்றலாம். எப்படி மாற்றினாலும் தூக்கியவள் தாதிதான், தூக்கப்பட்டது குழந்தைதான். காரணம், 'குழந்தையை' என்பதில் இருக்கும் 'ஐ' உருபு. யார், யாரை என்பதை வரிசை சொல்ல வேண்டியதில்லை, உருபே சொல்லிவிடுகிறது. லத்தீன், சமஸ்கிருதம், ரஷ்ய மொழி எல்லாவற்றிலும் இதே கதைதான். ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய ஆங்கிலத்திலும் வேற்றுமை விகுதிகள் நிறைய இருந்தன. அவை தேய்ந்து போகப் போக, அந்த வேலையைச் சொல்வரிசை ஏற்றுக்கொண்டது. அதனால்தான் இன்றைய ஆங்கிலத்தில் எழுவாயும் செயப்படுபொருளும் இடம் மாறினால் கதையே மாறிவிடுகிறது. இதுவரை எல்லோரும் சொல்வது சரி.

ஆனால் இந்தச் சலுகை எழுவாய், செயப்படுபொருள் போன்ற முழுத் தொடர்கள் இடம் மாறுவதற்கு மட்டுமே. ஒரு தொடருக்கு உள்ளே தமிழ் மிகவும் கண்டிப்பானது. "அந்த மூன்று சிவப்பு மாத்திரைகள்" என்பதை "மாத்திரைகள் சிவப்பு அந்த மூன்று" என்று யாராவது எழுதுவார்களா? அடையும் பெயரெச்சமும் தாங்கள் தழுவும் பெயருக்கு முன்னால்தான் நிற்க வேண்டும். ஆங்கிலத்தில் பெரும்பாலும் பெயரைச் சொல்லிவிட்டு விவரத்தைப் பின்னால் தொங்கவிடுவார்கள். தமிழில் விவரம் முழுவதையும் முன்னால் அடுக்கிவிட்டுத்தான் பெயருக்கு வர முடியும். அடுக்கு நீண்டால் எது எதற்கு அடை என்று தெரியாமல் போகும். "நேற்று வந்த நோயாளியின் மகனிடம் படிவத்தைக் கொடுக்கவும்." நேற்று வந்தது நோயாளியா, மகனா?

அந்த 'ஐ' உருபுகூட எப்போதும் உடன் வருவதில்லை. "மாத்திரை சாப்பிட்டேன்" என்றுதான் சொல்கிறோம், அஃறிணைப் பெயரில் உருபு தொக்கி நிற்கிறது. உருபு மறைந்த இடத்தில் வரிசையும் பொது அறிவும்தான் நம்மைக் காப்பாற்றுகின்றன. "பூனை நாய் துரத்தியது" என்று எழுதிப் பாருங்கள், எது ஓடியது, எது துரத்தியது என்று பொது அறிவாலும் சொல்ல முடியாது.

இதையெல்லாம்விட முக்கியமானது 'மட்டும்', 'உம்', 'தான்', 'கூட' ஆகியவை ஒட்டிக்கொள்ளும் இடம். "அவருக்கு மட்டும் மருந்து கொடுங்கள்" என்றால் மற்றவர்களுக்கு மருந்து இல்லை. "அவருக்கு மருந்து மட்டும் கொடுங்கள்" என்றால் அவருக்கு உணவு இல்லை. 'மட்டும்' ஒரு சொல் தள்ளிப் போனதில் ஒருவர் பட்டினி கிடக்க வேண்டியதாகிவிடுகிறது. ஆங்கிலத்தில் 'ஒன்லி' பெரும்பாலும் வினைக்கு அருகில் நின்றுகொண்டு தூரத்தில் இருக்கும் சொல்லைக் கட்டுப்படுத்தும், படிப்பவர் சூழலை வைத்துப் புரிந்துகொள்வார். தமிழில் 'மட்டும்' தனக்கு முன்னால் இருப்பதைத்தான் கட்டுப்படுத்தும். மூலத்தில் அது இருந்த இடத்திலேயே வைத்து மொழிபெயர்த்தால் அர்த்தம் இடம் பெயர்ந்துவிடும்.

இங்கே சிலர் செய்யுளை மேற்கோள் காட்டுவார்கள். செய்யுளில் சொற்கள் இடம் மாறிக் கிடப்பது உண்மைதான். ஆனால் அவற்றை எப்படிச் சேர்த்துப் பொருள் கொள்வது என்பதற்கு நம் இலக்கணக்காரர்கள் தனியாக விதி வகுத்தார்கள். தொல்காப்பியம் நான்கு பொருள்கோள்களைச் சொல்கிறது, நன்னூல் எட்டு சொல்கிறது. நிரல்நிறை, கொண்டுகூட்டு (தள்ளிக் கிடக்கும் சொற்களைக் கூட்டிப் பொருள் கொள்வது), மொழிமாற்று என்று பெயர் வைத்து, படிப்பவருக்குப் பயிற்சி கொடுத்தார்கள். வரிசை முக்கியமில்லை என்றால் இத்தனை பாடு எதற்கு? ஊசி போட வந்தவரிடம் ஒரு தாளைக் கொடுத்து, கொண்டுகூட்டிப் பொருள் கொள்ளச் சொல்ல நமக்கு எந்த உரிமையும் இல்லை.

சரி, இன்னொரு பக்கத்தையும் பார்க்கலாம். உலகத்தில் எல்லா மொழியும் ஆங்கில வரிசையில்தான் ஓடுகிறது, தமிழ் ஏதோ தலைகீழ் என்று நினைப்பவர்களும் உண்டு. மொழியியலாளர் மேத்யூ டிரையர் 1,376 மொழிகளின் வரிசையைத் தொகுத்திருக்கிறார். அவற்றில் 564 மொழிகள் தமிழைப் போல எழுவாய், செயப்படுபொருள், வினை என்று போகின்றன. ஆங்கில வரிசையில் போவது 488. பிரிட்டனின் வெல்ஷ் மொழி போல வினையை முதலில் வைப்பவையும் உண்டு. வினை கடைசியில் வரும் மொழியிலிருந்து வாய்மொழியாக உடனுக்குடன் பெயர்ப்பவர்கள் படும் பாட்டை என் நண்பர்களிடம் பார்த்திருக்கிறேன். பேசுபவர் வாக்கியத்தை முடிக்கும்வரை 'செய்தோம்' என்று வருமா, 'செய்யவில்லை' என்று வருமா என்று தெரியாது. மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பார்கள். எழுதுபவருக்கு அந்த அவசரம் இல்லை. அப்புறமும் வாக்கியத்தைக் கலைத்துப் புதிதாகக் கட்டாமல் சொல்லுக்குச் சொல் மாற்றி வைப்பதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

வரிசையோடு போகட்டும் என்றால், வினைவிகுதியிலும் இதே கவனக்குறைவு. ஆங்கில அறிவுறுத்தல்களில் 'மே நாட்' என்பது பெரும்பாலும் தடை. "மதுவுடன் இந்த மருந்தை எடுத்துக்கொள்ளாமல் இருக்கலாம்" என்று ஒரு தாளில் பார்த்தேன். 'கூடாது' என்று வர வேண்டிய இடத்தில் 'இருக்கலாம்'. இருக்கலாம் என்றால் விருப்பம் போலச் செய்துகொள்ளலாம் என்றுதானே பொருள்?

'லாம்' என்பதற்கும் 'வேண்டும்' என்பதற்கும் இடையே எவ்வளவு தூரம் என்று தெரிய வேண்டுமானால் 1889-ஐப் பாருங்கள். இத்தாலியும் எத்தியோப்பியாவும் அந்த ஆண்டு மே மாதம் உச்சாலே ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. ஒப்பந்தம் இத்தாலிய மொழியிலும் எத்தியோப்பியாவின் அம்ஹாரிய மொழியிலும் எழுதப்பட்டது. 17-ஆம் பிரிவின் அம்ஹாரிய வடிவம், எத்தியோப்பியப் பேரரசர் மெனெலிக் பிற நாடுகளுடனான விவகாரங்களுக்கு இத்தாலிய அரசின் உதவியைப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்றது. இத்தாலிய வடிவத்தில் அது கட்டாயமாக இருந்தது. இத்தாலி அதை வைத்து எத்தியோப்பியா தன் பாதுகாப்பில் உள்ள நாடு என்று உரிமை கொண்டாடியது. மெனெலிக் ஒப்பந்தத்தையே நிராகரித்தார். கடைசியில் போர் மூண்டு, 1896 மார்ச் 1 அன்று எத்தியோப்பியாவின் அத்வாவில் இத்தாலியப் படை தோற்றது. போருக்கு வேறு காரணங்களும் இருந்தன, ஆனால் சச்சரவின் நடுவில் இருந்தது அந்த ஒரு வினைதான்.

ஒப்புதல் படிவங்களில் அடிக்கடி சிவப்பு மையில் திருத்துவது 'நாம்'. "நாம் உங்கள் இரத்தத்தைப் பரிசோதிப்போம்." ஆங்கிலத்துக்கு இருப்பது ஒரே ஒரு 'வீ'. தமிழில் கேட்பவரைச் சேர்த்தால் நாம், சேர்க்காவிட்டால் நாங்கள். மலாயிலும் 'கீத்தா', 'காமி' என்று இதே பிரிவு உண்டு. நோயாளி பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்யப் போவதில்லை, ஆகவே 'நாங்கள்'. இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

மென்பொருள் எழுதுபவர்களிடம் ஒரு தனி வேண்டுகோள். வாக்கியத்தைத் துண்டு துண்டாக நறுக்கி, நடுவில் பெயரையும் எண்ணையும் செருகிக்கொள்ளும்படி அனுப்பாதீர்கள். "உங்கள் கோப்பு", காலியிடம், "இல் உள்ளது" என்று மூன்று துண்டு வந்தால் நான் என்ன செய்ய? காலியிடத்தில் 'மரம்' வந்தால் 'மரத்தில்' என்றாக வேண்டும், 'வீடு' வந்தால் 'வீட்டில்' என்றாக வேண்டும். 'மரம் இல்' என்று திரையில் வருவது மொழிபெயர்த்தவரின் பிழை அல்ல, நறுக்கியவரின் பிழை. எண்களிலும் அப்படித்தான். ஆங்கிலத்தில் ஒருமை, பன்மை என இரண்டு போதும். அரபியில் எண்ணைப் பொறுத்து ஆறு வடிவங்களுக்கு இடம் விட வேண்டும். முழு வாக்கியமாக அனுப்புங்கள். பெயர் எந்த இடத்தில் வரும் என்பதை மொழிபெயர்ப்பவர் முடிவு செய்யட்டும்.

மொழிபெயர்ப்பவர்களே, மூலத்தை மூடி வைத்துவிட்டு உங்கள் தமிழை வாய்விட்டுப் படியுங்கள். மூலம் கண் முன்னால் இருக்கும்வரை எந்தப் பிழையும் உங்களுக்குத் தெரியாது, மனம் அதைத் தானாகவே சரிசெய்துகொள்ளும். 'எல்லா', 'எந்த', 'மட்டும்', 'வரை' ஆகியவற்றோடு ஓர் எதிர்மறை வினை சேர்ந்தால் நின்று யோசியுங்கள். இரண்டு பொருள் வந்தால் வாக்கியத்தை உடையுங்கள். ஆங்கிலத்தில் ஒரு வாக்கியமாக இருப்பது தமிழில் மூன்றாக வந்தால் அது குற்றமே இல்லை. செய்யும் வரிசையிலேயே எழுதுங்கள். "மூடியைத் திறப்பதற்கு முன் மின்சாரத்தை நிறுத்தவும்" என்று எழுதினால் அவசரத்தில் இருப்பவர் முதல் இரண்டு சொல்லிலேயே மூடியில் கை வைத்துவிடுவார். "முதலில் மின்சாரத்தை நிறுத்துங்கள். பிறகு மூடியைத் திறங்கள்." இது போதும்.

இயந்திர மொழிபெயர்ப்பை நான் வெறுக்கவில்லை, நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் இயந்திரம் தந்த தமிழை அதே இயந்திரத்திடம் கொடுத்து மறுபடி ஆங்கிலமாக்கிப் பார்த்து, சரியாக இருக்கிறது என்று கையெழுத்துப் போடாதீர்கள். இரண்டு பொருள் உள்ள வாக்கியத்தில் அது மூலத்துக்குப் பொருந்தும் பொருளையே எடுத்துத் தந்துவிடலாம். உங்களுக்கு நிம்மதி, நோயாளிக்கு ஆபத்து. தெரிந்துகொள்ள ஒரே வழி, மூலத்தைப் பார்க்காத ஒருவரிடம் தமிழ்த் தாளைக் கொடுத்து, "இதைப் படித்துவிட்டு என்ன செய்வீர்கள்?" என்று கேட்பது. புரிகிறதா என்று கேட்காதீர்கள். அப்படிக் கேட்டால் எல்லோரும் மரியாதைக்குத் தலையாட்டிவிடுவார்கள்.

படிப்பவர்களுக்கு ஒன்றே ஒன்று சொல்ல வேண்டும். மருந்துத் தாளோ படிவமோ இரண்டு விதமாகப் புரிந்தால் உங்கள் அறிவில் குறை இருப்பதாக நினைக்காதீர்கள். தயவுசெய்து கேளுங்கள். வரியைக் காட்டி, "இது யாருக்கு? எப்போது? செய்ய வேண்டுமா, கூடாதா?" என்று கேளுங்கள். தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய் ஊகிக்காதீர்கள்.

அந்த விளக்கத்தாளுக்கு நான் எழுதிக் கொடுத்தது இது: "சிலருக்கு இரண்டாவது ஊசி தேவைப்படும். சிலருக்குத் தேவைப்படாது. உங்களுக்குத் தேவையா என்று மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்." புதிய தாள் அச்சாகிவிட்டது என்று சொன்னார்கள். ஏற்கனவே பழைய தாளை வாங்கிச் சென்றவர்களை அழைத்துச் சொன்னீர்களா என்று கேட்டு எழுதியிருக்கிறேன். இதுவரை பதில் வரவில்லை. நாளை மறுபடியும் கேட்பேன்.