கத்திரி வெயிலில் ஓவர்கிளாக்கிங்

வெளிநாட்டு ரிவ்யூவில் கம்ப்யூட்டர் பிராசசரின் சூடு 62 டிகிரி என்று போட்டிருப்பான். அதே பிராசசர், அதன் சூட்டைத் தணிக்க அதே கூலர் வாங்கி நம் வீட்டில் மாட்டினால் 76 காட்டும். உடனே கூலர் டூப்ளிகேட் என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகிறவர்கள் உண்டு. பெரும்பாலும் கூலர்மேல் தப்பிருக்காது. மொட்டைமாடிக்குக் கீழே, மே மாதத்தில் வெந்துகொண்டிருக்கும் அறையைத்தான் கேட்க வேண்டும். அதற்கு முன்னால், ஓவர்கிளாக் என்று எதைச் சொல்கிறோம் என்று பார்த்துவிடலாம்.

ஒரு வகுப்பறையை நினைத்துக்கொள்ளுங்கள். வரிசையாகப் பெஞ்சுகள். பெல் அடித்ததும் ஒவ்வொரு பெஞ்சும் தான் போட்ட கணக்கின் விடையைப் பின் பெஞ்சுக்குத் தள்ள வேண்டும். பின் பெஞ்சு அதை வைத்து அடுத்த படியைப் போடும். இருப்பதிலேயே மெதுவாக எழுதும் பையன் முடிக்கிற நேரம் வரை பெல் காத்திருந்தால் எல்லாம் சரியாக நடக்கும். கொஞ்சம் முன்னதாக அடித்தாலும் பாதி எழுதிய விடை பின்னால் போய்விடும். அதை வைத்துப் போடுகிற கணக்கெல்லாம் தப்பு.

பிராசசரின் கிளாக் அந்த பெல்தான். 2011-இல் வந்த இன்டெல் கோர் ஐ5 2500கே-யில் இது விநாடிக்கு 330 கோடி தடவை அடிக்கும், அதாவது 3.3 கிகாஹெர்ட்ஸ். இரண்டு பெல்லுக்கு நடுவே ஒளிகூட 9 சென்டிமீட்டர்தான் நகர முடியும். அதற்குள் மின்சாரம் டிரான்சிஸ்டர்கள் என்ற நுண்ணிய சுவிட்சுகளைத் தாண்டி, விடை நிலைத்து நிற்க வேண்டும்.

இந்த வேகத்தைக் கம்பெனி கொஞ்சம் தாராளமாகவே நிர்ணயிக்கிறது. ஒரே மாடலாக விற்கிற லட்சக்கணக்கான சில்லுகளில் சோம்பேறியான சில்லும், சூடான பெட்டிக்குள், பல வருடம் பிழையில்லாமல் ஓட வேண்டுமே. அதனால் பெரும்பாலான சில்லுகளில் கொஞ்சம் மிச்சம் இருக்கும். உங்கள் கைக்கு வந்ததில் எவ்வளவு மிச்சம் என்பது அதிர்ஷ்டம். இதைச் சிலிக்கான் லாட்டரி என்பார்கள். அந்த மிச்சத்தை எடுத்துக்கொள்வதுதான் ஓவர்கிளாக்கிங்.

இதில் புகழ்பெற்ற லாட்டரி 1998-இல் வந்த செலரான் 300ஏ. மதர்போர்டு தரும் 66 மெகாஹெர்ட்ஸை நாலரையால் பெருக்கி 300 மெகாஹெர்ட்ஸில் ஓடுகிற மலிவு பிராசசர் அது. பெருக்கும் எண்ணை மாற்ற முடியாதபடி பூட்டியிருந்தார்கள். சரி, 66-ஐ 100 ஆக்கினால்? நாலரை நூறு, 450. அன்றைக்கு இன்டெல்லின் விலையுயர்ந்த பென்டியம் 2 ஓடிய வேகம். செலரான் ஸ்லாட்டில் செருகும் அட்டையாக வந்தது. அதன் விளிம்பில் பி21 என்ற தொடுமுனையின்மேல் ஒரு துண்டு டேப் ஒட்டினால் போதும், தன்மேல் உட்கார்ந்திருப்பது 100 மெகாஹெர்ட்ஸ் பிராசசர் என்று மதர்போர்டு நம்பிவிடும்.

இப்போது டேப் வேண்டாம். அடிப்படை கிளாக் 100 மெகாஹெர்ட்ஸ். அதைப் பெருக்கும் எண்ணான மல்டிப்ளையரை, கம்ப்யூட்டர் துவங்கும்போது திறக்கிற செட்டிங் திரையான பயாஸில் மாற்றலாம். இன்டெல்லில் இதற்கு மாடல் எண்ணின் கடைசியில் கே என்ற எழுத்துள்ள பிராசசரும் இசட் வகை மதர்போர்டும் வேண்டும். ஏஎம்டி ரைசனில் ஏறக்குறைய எல்லாமே திறந்திருக்கும். பி அல்லது எக்ஸ் வகை போர்டு இருந்தால் சரி.

2500கே-யின் மல்டிப்ளையர் 33-ஐ 44 என்று மாற்றுவது இரண்டு விநாடி வேலை. வம்பு அதற்கு அப்புறம்தான். மெதுவாக எழுதும் பையனை வேகமாக எழுத வைக்க வேண்டுமே. மின்னழுத்தத்தை ஏற்றினால் டிரான்சிஸ்டர்கள் சீக்கிரம் மாறும், விடை நேரத்துக்கு வந்துவிடும். ஆனால் வெப்பம் வேகத்தோடு நேர்விகிதத்திலும், மின்னழுத்தத்தோடு இருமடியிலும், அதாவது அதை அதனாலேயே பெருக்கிய கணக்கிலும் ஏறும். 1.2 வோல்ட்டை 1.3 ஆக்கினால் வோல்ட்டேஜுக்கு மட்டும் 17 சதவீதம் கூடுதல் சூடு. வேகம் 3.3-இலிருந்து 4.4-க்குப் போனதால் அதன்மேல் இன்னொரு மூன்றில் ஒரு பங்கு. இரண்டையும் பெருக்கினால் ஒன்றரை மடங்குக்கும் கொஞ்சம் மேலே வரும். 95 வாட் பிராசசர் 150 வாட்டுக்குப் போய்விட்டது. வேகத்தில் கிடைத்தது 33 சதவீதம், சூட்டில் கொடுத்தது 56 சதவீதம்.

இங்கேதான் நம் மாடி அறை வருகிறது. கூலர் எதுவானாலும் அது குளிர்சாதனப் பெட்டி அல்ல. அறையின் வெப்பத்துக்கு மேலே இத்தனை டிகிரியில் பிராசசரை நிறுத்தி வைக்கும், அவ்வளவுதான் அதன் வேலை. ஒரு கூலர் 100 வாட்டுக்கு 40 டிகிரி ஏற விடுகிறது என்று வைத்துக்கொள்வோம். 22 டிகிரி அறையில் 62. நம்முடைய 36 டிகிரி அறையில் 76. இப்போது ஓவர்கிளாக் செய்து 150 வாட் ஆக்குங்கள். ஏற்றம் 60. அங்கே 82, இங்கே 96. இந்தப் பிராசசர் 98 டிகிரியை நெருங்கினால் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அங்கே ஜம்மென்று 4.4-இல் ஓடுகிறது, இங்கே ஏற்றிய வேகத்தையே பிடுங்கிக்கொள்கிறது. மல்டிப்ளையர் என்னவோ ஒன்றுதான்.

அறையின் 36-ஐ ஏசி இல்லாமல் மாற்ற முடியாது. அந்த 40-ஐக் குறைக்கலாம். அதற்கு வெப்பம் போகும் வழியைப் பின்தொடர வேண்டும்.

முதல் கண்டம், பிராசசரின் மூடியும் கூலரின் அடிப்பாகமும் சேரும் இடம். இரண்டும் கண்ணுக்கு வழவழப்பாகத் தெரியும். உள்ளபடி மேடும் பள்ளமும்தான். பள்ளங்களில் காற்று நிற்கும். காற்று வெப்பத்தைக் கடத்துவதில் மகா மோசம். அதை வெளியேற்றி இடத்தை நிரப்பத்தான் தெர்மல் பேஸ்ட். காற்றைவிட நூறு மடங்குக்கு மேல் நல்லது, ஆனால் செம்பின் பக்கத்தில்கூட வராது. அதனால் பள்ளத்தை நிரப்பும் அளவு போதும். நடுவில் ஒரு பச்சைப் பட்டாணி அளவு வைத்து, கூலரை நேராக இறக்கி, திருகுகளை எதிரெதிர் மூலையாக, கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கினால் அதுவே பரவிக்கொள்ளும். தோசைக்கு நெய் விடுகிற கணக்கில் தாராளம் காட்டினால் நடுவே ஒரு மெத்தையாக நிற்கும்.

என் முதல் அசெம்பிளில் பேஸ்ட்டெல்லாம் பதமாக வைத்தேன். பயாஸுக்குள் போன ஐந்தே நிமிடத்தில் 90 டிகிரி. கழற்றிப் பார்த்தால், கூலரின் அடியில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளை உரிக்கவே இல்லை. ‘மாட்டும் முன் அகற்றவும்’ என்று அதிலேயே அச்சடித்திருந்தது.

அடுத்து, கூலரின் கோபுரத்தில் ஓடும் செம்புக் குழாய்கள். பலரும் கெட்டிக் கம்பி என்று நினைக்கிறார்கள். உள்ளே வெற்றிடம், கொஞ்சம் தண்ணீர், குழாய்ச் சுவரில் திரி மாதிரி நுண்ணிய துளைகள். இட்லிக் குண்டானில் நடப்பதுதான் இங்கேயும். அடியில் ஆவியாகி எழும் நீர் மேல்மூடியில் பட்டுக் குளிர்ந்து சொட்டுகிறதே, அதே கதை. காற்றழுத்தம் இல்லாததால் 40, 50 டிகிரியிலேயே நீர் கொதிக்கும். மேலே அலுமினியத் தகடுகளிடம் வெப்பத்தைக் கொடுத்துவிட்டு நீராகி, திரி வழியே திரும்பும். ஒரு கிராம் நீரை ஒரு டிகிரி சூடாக்க 4.2 ஜூல் போதும். அதை ஆவியாக்க சுமார் 2,400 ஜூல் வேண்டும். விரல் பருமன்கூட இல்லாத குழாய் இவ்வளவு சூட்டைச் சுமப்பதன் ரகசியம் இதுதான்.

தகடுகளிலிருந்து ஃபேன் தள்ளும் சூடான காற்று கேபினட்டை விட்டு வெளியேற வேண்டும். முன்பக்கம் ஒன்று இழுக்க, பின்பக்கம் ஒன்று தள்ள, இரண்டு ஃபேன் இருந்தாலே நல்ல மாற்றம் தெரியும். ஆனால் நம் வீட்டு கம்ப்யூட்டர் டேபிள்களில் ‘சிபியு வைக்கிற இடம்’ என்று கதவோடு ஒரு அலமாரி செய்து தருகிறார்களே, அதைவிடப் பெரிய எதிரி கிடையாது. வெளியேறிய காற்றே சுற்றி முன்பக்கம் வந்து நுழையும். பிராசசருக்கு ‘அறை’ என்பது அந்த அலமாரிதான். அதற்குள் 45 டிகிரி சர்வசாதாரணம். கதவைக் கழற்றிப் பரணில் போடுவதுதான் இருப்பதிலேயே மலிவான கூலிங். மாதம் ஒருமுறை தூசியைப் பிரஷ்ஷால் தட்டுங்கள். தட்டும்போது ஃபேன் சுற்றாமல் விரலால் பிடித்துக்கொள்ளுங்கள்.

இதெல்லாம் ஆன பிறகுதான் பயாஸ். மல்டிப்ளையரை ஒவ்வொன்றாக ஏற்றி, ஒவ்வொரு முறையும் பிரைம்95 போன்ற கடுமையான சோதனையை அரைமணி ஓடவிட்டு, பக்கத்திலேயே வெப்பத்தைப் பாருங்கள். விண்டோஸ் நின்றுபோய் நீலத்திரை வந்தால் ஒரு படி இறங்குங்கள், அல்லது 0.02 வோல்ட் ஏற்றிப் பாருங்கள். 85-ஐத் தாண்டினால் அங்கேயே நிறுத்துவது என் வழக்கம். திரையே வராமல் போனால் பயப்படாதீர்கள். மின்சாரத்தைத் துண்டித்து, மதர்போர்டின் வட்ட பேட்டரியைச் சில நிமிடம் எடுத்து வைத்தால் எல்லாம் பழைய நிலைக்கு வந்துவிடும். நீலத்திரையைவிட எனக்கு பயம், சத்தமில்லாமல் வரும் தப்புக் கணக்கு. அது கோப்புகளைக் கெடுத்துவிட்டுப் போகும், மாதங்கள் கழித்துத்தான் தெரியும். போட்டோக்களை முதலில் வேறு டிஸ்க்கில் போட்டு வையுங்கள். வாரண்டி போகவும் வாய்ப்புண்டு.

புது பிராசசர்களில் இந்த விளையாட்டுக்கு இடம் குறைந்துவிட்டது. தனக்குள் இருக்கும் மிச்சத்தை அவையே அளந்து எடுத்துக்கொள்கின்றன. 2022-இல் வந்த ரைசன் 7000 வரிசை முழு வேலையில் 95 டிகிரி வரை தானே ஏறும்படிதான் வடிவமைக்கப்பட்டது. அவற்றில் நான் எதிர்த்திசையில் போவேன்: வேகத்தைத் தொடாமல் மின்னழுத்தத்தைக் கொஞ்சம் இறக்குவேன். இருமடி விதி இப்போது நம் பக்கம். சூடு நன்றாகக் குறையும், வேகம் அனேகமாக அப்படியே இருக்கும்.

என் பழைய 2500கே இன்னும் ஓடுகிறது. அதன் பயாஸில் இரண்டு செட்டிங் சேமித்து வைத்திருக்கிறேன். ஒன்று மல்டிப்ளையர் 44, பெயர் ‘மார்கழி’. இன்னொன்று 38, பெயர் ‘கத்திரி’. பங்குனி பிறந்ததும் மாற்றிவிடுவேன்.